ஏட்டுக் காளான் கறிக்கு உதவுமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. எழுதிவைத்த சுரைக்காயை நம்பி உலையேற்றுவோர் எவருமிலர். ஆயினும் ஒரு பொருளைப் பொறுத்தமட்டில் இம்முதுமொழி தலைகீழாகி விடுகின்றது. அப்பொருள் காட்டுக் காளான். தானே முளைத்த காளானைப் பறித்து உண்ண விரும்பும் ஒருவனுக்கு, அது கறிக்கு உதவுமா, அன்றி உயிரையே வாங்கிவிடுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அவன் கையிலுள்ள ஏடேயாகும்.

காளானை அறியாத தமிழர் இலர். நாய்க்குடை என்று சிறுவர் அதனைக் காலால் எற்றி விளையாடுவர். ஆம்பி என்பது அதன் பழம்பெயர். சிறுபாணாற்றுப்படையிலே வறுமையுற்ற பாணனது அட்டிலைக் காட்டும் புலவர், கறையான் அரித்த பழஞ்சுவரிலே காளான் பூத்திருந்ததாகக் கூறுகின்றார். அடுப்பெரியாத வீட்டின் அடையாளமாக அங்கே காளான் நிற்கின்றது.

மேலைநாடுகளில் நிலைமை வேறு. இலையுதிர் காலம் வந்துவிட்டால் போலந்து, உருசியா, பின்லாந்து, இத்தாலி முதலிய நாடுகளிற் குடும்பங் குடும்பமாகக் கூடையேந்திக் காடு செல்வர். பாட்டி பேரனுக்குக் காட்டிக் கொடுப்பாள். பேரன் தன் மகனுக்குக் காட்டுவான். இன்று நம்மவர் பலர் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலும் குடியேறி வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளித் தோழரோடு காடு செல்லும் காலமும் வந்துவிட்டது. அங்கே அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கப் பாட்டி இல்லை. புத்தகக் கடையிலே வாங்கிய கைந்நூல் ஒன்றே துணை. ஆதலின், அக்கைந்நூலை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய பொருளாகின்றது.

நூலை நம்பியோர் வழக்கு

நூல் பிழைத்தால் நூலாசிரியரைக் கேட்கலாம், பதிப்பகத்தாரைக் கேட்கலாம் என்று சிலர் எண்ணக்கூடும். 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இருவர் காளான்களைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் துணைக்கொண்டு காளான் பறித்து, அந்நூலின்படி இது நல்லதெனத் தெளிந்து, சமைத்து உண்டனர். இருவருக்கும் நோய் முற்றி, ஈரலை மாற்றும் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. நூலிலுள்ள விவரணம் தம்மைத் தவறான வழியிற் செலுத்திற்று என்று கூறி, அதனை அமெரிக்காவில் விற்ற பதிப்பகத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். அப்பதிப்பகம் அந்நூலை எழுதுவித்ததன்று. பிரித்தானியப் பதிப்பகம் ஒன்றிடம் பிரதிகளை வாங்கி விற்றதேயாம்.

1991ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு மன்றம் பதிப்பகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நூலிலுள்ள கருத்துகளும் சொற்களும் இயந்திரம் போன்ற விற்பனைப் பொருள்கள் ஆகமாட்டா. தான் வெளியிடும் ஒவ்வொரு நூலின் உண்மையையும் தேடி ஆராயும் கடமை பதிப்பகத்துக்கு இல்லை. இவையே அத்தீர்ப்பின் சாரம். விமானிகள் பயன்படுத்தும் வான்வழிப் படத்தைத் திசைகாட்டி போன்றதொரு கருவியாகக் கொள்ளலாம். காளான் நூலோ அக்கருவியைக் கையாளும் முறையை எடுத்துரைக்கும் நூலையே ஒக்கும் என்று மன்றம் வேறுபடுத்திக் காட்டிற்று.

இத்தீர்ப்பின் நியாயத்தைச் சட்ட அறிஞர் ஆராய்க. நாம் அறிந்துகொள்ள வேண்டுவது ஒன்றே: கடையிலே அழகாக அடுக்கப்பட்டிருப்பதனாலேயே ஒரு நூல் நம்பத்தக்கதாகிவிடாது. அதனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வாங்குவோன் தலைமேலது.

முதற் கேள்வி: எந்நாட்டு நூல்?

கைந்நூலைக் கையில் எடுத்ததும் கேட்கவேண்டிய முதற் கேள்வி, இஃது எந்நிலத்துக் காளான்களைப் பற்றியது என்பதாகும். "உலகக் காளான்கள்" என்று தலைப்பிட்ட பெருநூல்கள் மேசைமீது வைத்துப் பார்த்து மகிழத்தக்கவை. கூடையோடு எடுத்துச் செல்லத்தக்கவை அல்ல. ஒரு நாட்டுக்கு, இயலுமாயின் அந்நாட்டின் ஒரு பகுதிக்கு, உரியதாய் எழுதப்பட்ட நூலே வேண்டும்.

இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நம் நாட்டிலும் சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும் வைக்கோற் குவியலிலே தோன்றும் வைக்கோற் காளான் நல்லுணவு. இளமையில் முட்டை போன்றிருக்கும்; பின்னர் உறை கிழிந்து குடை எழும்; கிழிந்த உறை அடியிலே கிண்ணம்போல் எஞ்சி நிற்கும். ஐரோப்பாவிலே சாவுத்தொப்பி என்னும் பொருள்படும் பெயரால் வழங்கும் காளானொன்று உண்டு. அமனிற்றா பலோயிடிசு என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அதுவும் இளமையில் முட்டை போன்றதே. அதற்கும் அடியிலே கிண்ணம் உண்டு. ஓக்கு முதலிய மரங்களின் வேரோடு இணைந்து வாழும் அக்காளான், ஐரோப்பிய மரக்கன்றுகளோடு கடல் கடந்து அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்று அங்கும் நிலைகொண்டுவிட்டது.

2011ஆம் ஆண்டின் இறுதி நாளிரவு, அவுஸ்திரேலியத் தலைநகராகிய கன்பெராவில், சீன நாட்டிலிருந்து வந்த சமையற்காரர் ஒருவர் தாம் பறித்த காளானைச் சமைத்து உடன் பணிபுரிந்தோரோடு உண்டார். அவரும் மற்றொருவரும் சில நாட்களுள் உயிர் நீத்தனர். உண்டது சாவுத்தொப்பி. தம் நாட்டு வைக்கோற் காளானென மயங்கியிருக்கக்கூடும் என்றே அறிந்தோர் கருதினர். சமையலைத் தொழிலாகக் கொண்டவரையே இம்மயக்கம் பற்றிக்கொண்டதெனில், ஏனையோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! 2016இல் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள விக்ரோறியா நகரில் மூன்று வயதுக் குழந்தையொன்றும் இக்காளானாலேயே மாண்டது.

இதே அபாயம் எதிர்த்திசையிலும் உண்டு. பிரித்தானியக் கைந்நூலொன்றை வைத்துக்கொண்டு வெப்பநாடொன்றின் புற்றரையிலே காளான் பறிப்பவனை எண்ணிப் பாருங்கள். செதில் படர்ந்த பெரிய வெண்குடையும் தண்டிலே வளையமும் உடைய ஒன்றைக் காண்கின்றான். நூலைப் புரட்டினால், மிகச் சுவையுள்ளதெனப் புகழப்படும் பெருங்குடைக் காளானின் படம் அதனை ஒத்திருக்கின்றது. ஆனால், அவன் கையிலுள்ளதோ வெப்பநாட்டுப் புற்றரைகளிலே பரவலாக வளரும் பச்சைவித்திக் காளான். அதனை உண்டவன் சில மணி நேரத்துள் கடும் வாந்திபேதியால் வருந்துவான். பிரித்தானிய நூலைக் குறைகூறிப் பயனில்லை. அது தன் நாட்டைப்பற்றி உண்மையே கூறிற்று.

இரண்டாவது: படமா, திறவுகோலா?

படம் நிறைந்த நூலே நல்ல நூல் என்பது பொதுமக்கள் எண்ணம். படம் வேண்டியதுதான். இங்கிலாந்திலே றொஜர் பிலிப்ஸ் என்பார் 1981இல் வெளியிட்ட நூல் இவ்வகையிலே புகழ்பெற்றது. ஒவ்வோரினத்திலும் இளையது, முதிர்ந்தது, நெடுக வெட்டியது எனப் பல நிலைகளையும் ஒருங்கே பரப்பி வைத்து அவர் நிழற்படம் எடுத்தார். காளான் ஒருநாட் காலையில் ஓருருவும் மறுநாள் வேறோருருவும் கொள்வதாதலின், ஒரேயொரு படத்தைத் தரும் நூலைக் காட்டிலும் இத்தகைய நூல் பன்மடங்கு மேலானது. கைதேர்ந்த ஓவியர் தீட்டிய படங்களும் குறைந்தன அல்ல. ஓரினத்தின் பொதுவான அடையாளங்களை ஓவியம் தெளிவாக எடுத்துக்காட்டும்.

எனினும் படத்தோடு படம் பொருத்திப் பார்ப்பது அறிதலாகாது. கண் தான் விரும்பியதையே காணும். பசித்த கண்ணோ அதனினும் மோசமானது. ஆகவே நல்ல கைந்நூலிலே திறவுகோல் எனப்படும் பகுதி இருத்தல் வேண்டும். குடையின் அடியில் தகடுகள் உளவா, அன்றித் துளைகள் உளவா? தகடுகள் தண்டைத் தொட்டு நிற்கின்றனவா, விலகி நிற்கின்றனவா? தண்டில் வளையம் உண்டா? அடியிலே கிண்ணம் உண்டா? வெட்டிய இடம் நிறம் மாறுகின்றதா? இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வினா எழுப்பி, விடைக்கேற்ப வழிகாட்டிச் செல்வதே திறவுகோல். அமெரிக்காவில் டேவிட் அரோரா என்பார் 1979இல் வெளியிட்டு, 1986இல் விரித்துப் பதிப்பித்த பெருநூல் இத்தகைய திறவுகோல்களுக்குப் பேர்போனது. அது சட்டைப்பையில் அடங்காது, வீட்டில் இருக்கவேண்டியது. அதன் ஆசிரியரே 1991இல் சட்டைப்பைக்கு ஏற்ற சிறு நூலொன்றையும் தந்தார். காட்டுக்கொன்று, வீட்டுக்கொன்று என்னும் இவ்வழி பின்பற்றத்தக்கது.

வித்திப் பதிவு

நூலொன்றின் தரத்தை அளக்கக் கடையிலே நின்றவாறே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒவ்வோரினத்தின் கீழும் வித்தியின் நிறம் கூறப்பட்டிருக்கின்றதா என்று பாருங்கள். கூறப்படவில்லையாயின் அந்நூலை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

மரஞ்செடிகள் விதையாற் பெருகுவதுபோலப் பங்கசுக்கள் வித்திகளாற் பெருகுகின்றன. கண்ணுக்குப் புலனாகாத இவ்வித்திகளின் நிறத்தை எவரும் வீட்டிலே அறியலாம். தண்டை நீக்கிவிட்டுக் குடையை அடிப்புறம் கீழாகத் தாளின்மீது வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, ஓரிரவு விட்டுவிட வேண்டும். தாளிற் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாய் இருப்பின் நன்று. காலையிலே குடையை எடுத்தால், தகடுகளின் கோலம் தாளிலே பொடியாகப் படிந்திருக்கக் காணலாம். சாவுத்தொப்பியின் பதிவு வெண்மை. வைக்கோற் காளானின் பதிவு இளஞ்சிவப்பு. பச்சைவித்திக் காளானின் பதிவு பெயருக்கேற்பப் பச்சை. முட்டைப் பருவத்திலே கண்ணை ஏமாற்றிய இரண்டும் முதிர்ந்தபின் தாளின்மீது பிரிந்துவிடுகின்றன. வித்தி பதியாத இளமுட்டையைப் பறிப்பதே தவறு என்பதும் இதனாற் பெறப்படும்.

மூன்றாவது: பகைவனையும் காட்டும் நூல்

"உண்ணத்தக்க ஐம்பது காளான்கள்" என்பன போன்ற நூல்கள் விலை மலிந்தவை; கைக்கு அடக்கமானவை; ஆனால் ஆபத்தானவை. நல்லதை மட்டும் காட்டி நஞ்சைக் காட்டாத நூல், நண்பனை அறிமுகஞ் செய்து அவன் வேடமிட்டு வரும் பகைவனை மறைப்பதை ஒக்கும். நல்ல நூல், உண்ணத்தக்க ஒவ்வோரினத்தின் பக்கத்திலேயே அதனை ஒத்த நச்சினம் எது, இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்று கூறும். நஞ்சைப்பற்றிய செய்தி நூலின் கடைசியிற் சிறிய எழுத்திலே இருந்தாற் போதாது.

ஆங்கில நாவலாசிரியரான நிக்கலஸ் எவன்ஸ் என்பார் 2008இல் ஸ்கொட்லாந்திலே குடும்பத்தாரோடு உண்ட காளானால் அவருடைய சிறுநீரகங்கள் பழுதடைந்தன. மனைவியும் மைத்துனரும் அவ்வாறே வருந்தினர். 2011இல் மகள் தன் சிறுநீரகம் ஒன்றை ஈந்து அவரைக் காத்தாள். கல்வியும் செல்வமும் உடையோரே இவ்வாறு இடர்ப்பட்டனர்.

நான்காவது: எவ்வாண்டு நூல்?

பழைய நூல்களைப் போற்றுதல் நம் பண்பு. காளானைப் பொறுத்தமட்டில் அப்பண்பைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். யேர்மனியிலே யூலியஸ் செவர் என்பார் காளான்களை நன்கு ஆராய்ந்த அறிஞர். அக்காலத்தில் பலரும் உண்டுவந்த பக்சிலசு என்னும் காளானை உண்டு, 1944இல் அவர் இறந்தார். அக்காளான் பலமுறை உண்டோரின் குருதியிலே ஒவ்வாமையை வளர்த்து, ஒருநாள் செங்குருதிக் கலங்களைச் சிதைத்துவிடக்கூடும் என்பது பின்னரே விளங்கிற்று. பிரான்சிலே நெடுங்காலம் விரும்பி உண்ணப்பட்ட மஞ்சட் காளானொன்று தசைகளைச் சிதைத்துப் பன்னிருவரைத் தாக்கியதையும், அவருள் மூவர் இறந்ததையும் மருத்துவர் 2001இல் வெளியிட்டனர். யப்பானில் வழக்கமான உணவாக இருந்த வெண்காளானொன்று 2004இல் 17 பேரின் உயிரைக் கொண்டது. அவர்களுட் பெரும்பாலோர் சிறுநீரக நோயாளர்.

முன்னைய நூல்கள் இவற்றையெல்லாம் நல்லுணவு என்றே எழுதியிருந்தன. நூலாசிரியர் பொய் கூறினரல்லர், அறிவு வளர்ந்துவிட்டது. ஆகவே தந்தையார் காலத்து நூலை அலுமாரியிலே மரியாதையோடு வைத்துவிட்டு, அண்மைப் பதிப்பையே கூடையோடு எடுத்துச் செல்க.

ஐந்தாவது: எழுதியவர் யார்?

புதியதெல்லாம் நல்லதென்றும் கொள்ளற்க. 2023ஆம் ஆண்டில், இணையக் கடைகளில் விற்கப்பட்ட காளான் நூல்கள் சில, மனிதர் எவரும் எழுதாது கணினியின் செயற்கை அறிவால் ஆக்கப்பட்டவை என்னும் ஐயம் எழுந்தது. நியூயோர்க் காளானியற் சங்கத்தார், அறியப்பட்ட ஆசிரியர்களின் நூல்களையே வாங்குமாறு மக்களை எச்சரித்தனர். காட்டையே காணாத ஒன்று காட்டுக்கு வழிகாட்டப் புகுந்த விந்தை இது. ஆகவே ஆசிரியரின் பெயரைப் பாருங்கள். அவர் எக்கழகத்தைச் சேர்ந்தவர், எத்தனை ஆண்டு களத்திலே பழகியவர், அந்நாட்டுக் காளானியற் சங்கத்தார் அவரை மதிக்கின்றனரா என்று விசாரியுங்கள். கைத்தொலைபேசியிற் படமெடுத்தவுடன் பெயர் கூறும் செயலிகளையும் ஒரு குறிப்பாகக் கொள்ளலாமேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. அச்செயலி கிண்ணத்தைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வித்திப் பதிவும் எடுப்பதில்லை.

அன்றியும், வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, அரிசியோடு வேகவைக்க நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பன போன்ற விதிகளைக் கூறும் நூலை உடனே மூடிவிடுக. அவை யாவும் பொய். சாவுத்தொப்பியை நத்தை உண்ணும். அதற்கு ஒன்றும் நேராது. அதன் நஞ்சு வேகவைப்பதாலோ பொரிப்பதாலோ அழிவதன்று. அந்நஞ்சின் கொடுமை அதன் பொறுமையிலே உள்ளது. உண்டவனுக்கு ஆறு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை ஒன்றும் தோன்றாது. பின்னர் வாந்தியும் பேதியும் வரும். அதன்பின் சுகமடைவது போலவும் தோன்றும். அவ்வேளையிலேதான் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். ஐயம் எழுந்த அக்கணமே, நோய் தோன்றும்வரை காத்திராது, எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். இச்செய்தியை முதற் பக்கங்களிலேயே கூறும் நூல், வாசகரின் நலத்தை நாடும் நூல் என அறிக.

நம் நாட்டு நிலை

நம் நாட்டுக் காளான்கள் ஆராயப்படாதவை அல்ல. பேராதனையிலே பணிபுரிந்த தோமஸ் பெச் என்பாரும் பிஸ்பி என்பாரும் இணைந்து ஆக்கிய "இலங்கையின் பங்கசுக்கள்" என்னும் ஆங்கில நூல், பெச் மறைந்தபின் 1950இல் வெளிவந்தது. இலண்டன் கியூத் தோட்டத்து அறிஞரான டேவிட் பெக்ளர், தகடுடைய இலங்கைக் காளான்களைப் பற்றிய விரிவான நூலை 1986இல் வெளியிட்டார். இவை ஆய்வாளர்க்கு உரியவை. அடுக்களைக்கு உரியவை அல்ல.

நம் கிராமத்தாரின் புற்றுக் காளானறிவோ நூலின்றி வளர்ந்தது. கறையான்கள் புற்றினுள்ளே தாம் கொணர்ந்த மர உணவைக்கொண்டு பங்கசுத் தோட்டம் வளர்க்கின்றன. மழை பெய்தபின் அத்தோட்டத்திலிருந்து நீண்ட வேர்போன்ற தண்டு மண்ணைத் துளைத்தெழுந்து குடை விரிக்கின்றது. அடியிலே கிண்ணமில்லை; குடையின் நடுவே கூர்முனை உண்டு; வித்திப் பதிவு இளஞ்சிவப்பு. 1942இல் பிரெஞ்சு அறிஞர் றொஜே ஹைம் இவ்வினத்துக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டுமுன்பே நம் மூதாட்டியர் இதனைப் பறித்துச் சமைத்து வந்தனர். இவ்வறிவு ஓரிடத்தில் ஒரு காளானைப்பற்றிய அறிவு. அவ்வளவில் அது திண்ணியது. ஆனால் மூதாட்டியர் மறைய மறைய அதுவும் மறைகின்றது. அவர் கூறுவதைக் கேட்டு, விஞ்ஞான முறையில் ஆராய்ந்து, நிறப்படங்களோடு தமிழிலே சிறு கைந்நூலொன்றை ஆக்கித் தருவது நம் பல்கலைக்கழகத்தார் செய்யத்தக்க நற்பணியாகும்.

வெளிநாட்டில் வாழும் உறவினருக்கு நாம் எழுதக்கூடியது இவ்வளவே: அந்நாட்டுக்குரிய அண்மைக் காலத்துக் கைந்நூல்கள் இரண்டை வாங்குங்கள். இரண்டும் ஒன்றுபட்டாலன்றி முடிவுக்கு வராதீர்கள். முதலாண்டு முழுவதும் பெயரறிவதோடு நில்லுங்கள். கூடை வெறுமையாகத் திரும்பினாற் குறைவொன்றுமில்லை. அவ்வூர்ச் சங்கத்தாரோடு காடு செல்லுங்கள். சுவிற்சர்லாந்தின் பல ஊர்களில் பறித்த காளானைப் பார்த்து நல்லது தீயது கூறும் பரிசோதகர் உளர். அவரிடம் கூடையைக் காட்டாது அடுப்பை மூட்டாதீர்கள். குழந்தைகளுக்குக் காட்டுக் காளான் வேண்டவே வேண்டாம். கடையிலே வாங்கிய காளான் கறியும் சுவையானதே.